மலக்குடல் புற்றுநோய்: துளை போடுவதற்கு முந்தைய அந்த ஆறு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலக்குடல் புற்றுநோய்க்கு ரோபோ மூலம் செய்யும் அறுவை சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல படம், நல்ல விளக்கம், தப்பு என்று எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் துளை எத்தனை, தழும்பு எவ்வளவு சின்னது, எத்தனை நாளில் வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் கட்டுரை முழுக்க இருந்ததே தவிர, அந்த மேசையில் நோயாளியைப் படுக்க வைப்பதற்கு முன்னால் நாலைந்து மாதம், சில சமயம் ஆறு மாதம் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் குடல் அறுவை சிகிச்சை செய்கிறவன். ரோபோ வந்தது, சரி, வரட்டும். எங்கள் வேலையையே புரட்டிப் போட்டது என்னவோ கத்திக்கு முன்னால் கொடுக்கிற கதிர்வீச்சும் கீமோவும்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே பல மாதம் மூலம் என்று நினைத்து மருந்து சாப்பிட்டவர்கள். பேருந்து நிலையச் சுவரில் ‘மூலம், பௌத்திரம்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்குமே, அங்கே போய்ப் பணத்தை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. யாராவது ஒருவர் கையுறை போட்டு விரல் விட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தட்டுப்பட்டிருக்கும் கட்டி அது. சரி, அது தனிக் கதை. பயாப்சி வந்து புற்றுநோய் என்று உறுதியானதும் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி “ஆபரேஷன் எப்ப சார்?” அடுத்தது “லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா?” (லேப்ராஸ்கோப்பி என்றால் சின்னத் துளை வழியாகக் கேமராவும் கருவியும் விட்டுச் செய்வது.) இப்போது ஆபரேஷன் இல்லை, முதலில் கரண்ட் (கதிர்வீச்சுதான்) வைக்கணும், அப்புறம் கீமோ, அதெல்லாம் முடிந்து ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொன்னவுடனே முகம் மாறிவிடும். “முத்திப்போச்சா? அதான் கத்தி வைக்க மாட்டேங்குறீங்களா?” என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரில் அவர்கள் பார்த்ததெல்லாம், உடனே அறுத்தால் பிழைப்பார், கரண்டுக்கு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்பதுதான். மலக்குடலைப் பொறுத்தவரை இன்று கணக்கு நேர்மாறு. இந்த ஒரு விஷயத்தை உங்களைப் போன்ற பத்திரிகைகள் எடுத்துச் சொன்னாலே எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் தினமும் அரை மணி நேரம் மிச்சமாகும்.

ஏன் நேர்மாறு என்றால், மலக்குடல் இருக்கிற இடம் அப்படி. பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் சொச்சம், இடுப்பெலும்புக்குள்ளே, முன்னால் சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும் அல்லது கருப்பையும், பின்னால் முதுகெலும்பின் அடி, இரண்டு பக்கமும் சிறுநீருக்கும் தாம்பத்தியத்துக்கும் போகிற நரம்புகள். வயிற்றின் மற்ற பகுதிகளில் கட்டியைச் சுற்றித் தாராளமாக வெட்டி எடுக்கலாம், இங்கே அந்தத் தாராளம் கிடையாது. குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, நெறிக்கட்டிகள் அதற்குள்தான். அந்த உறை கிழியாமல் முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்ப வருவது குறையும் என்று இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் ஊரில் பில் ஹீல்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1982இல் எழுதினார். இன்றைக்கு லேப்ராஸ்கோப்பியானாலும் ரோபோவானாலும் செய்வது அவர் சொன்னதைத்தான். எட்டிப் பார்க்கிற வழி மட்டும்தான் மாறியிருக்கிறது.

அவ்வளவு கவனமாக எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவையா என்று நெதர்லாந்தில் பெரிய ஆய்வு நடத்தி 2001இல் வெளியிட்டார்கள். ஹீல்ட் முறையில் ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் இரண்டு வருடத்துக்குள் 8.2 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் திரும்ப வந்தது, முன்கூட்டியே ஐந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தவர்களில் 2.4 சதவீதம். அடுத்து, முன்னால் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா என்ற கேள்வி. 2004இல் ஜெர்மனிக்காரர்கள் அதற்கும் பதில் சொன்னார்கள்: ஆபரேஷனுக்கு முன்னால் கொடுத்தால் ஐந்து வருடத்தில் அதே இடத்தில் திரும்ப வருவது 6 சதவீதம், பின்னால் கொடுத்தால் 13. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆய்வில் இருக்கிற இன்னொரு கணக்கு. ஆசனவாயையே எடுத்துவிட வேண்டியிருக்கும், காலம் பூரா மலத்துக்கு வயிற்றில் பைதான் என்று முதலில் மதிப்பிடப்பட்டவர்களில், முன் சிகிச்சை பெற்ற 39 சதவீதம் பேருக்கு ஆசனவாய் காப்பாற்றப்பட்டது. நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் அது 19 சதவீதம்தான்.

இப்போது அதையும் தாண்டிவிட்டோம். முன்பெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த கீமோவையும் தூக்கி முன்னால் போட்டுவிட்டார்கள். ஆபரேஷன் ஆன உடம்பில், வயிற்றில் பையோடு, ஆறு மாதம் கீமோவை முழுசாக முடித்தவர்கள் குறைவு, பாதியில் நிறுத்திவிடுவார்கள். முன்னால் கொடுத்தால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடிகிறது, கண்ணுக்குத் தெரியாமல் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ கிளம்பிய அணுக்களையும் சீக்கிரமே பிடிக்கலாம். ராப்பிடோ என்ற ஐரோப்பிய ஆய்வில் ஐந்து நாள் கதிர்வீச்சு, பிறகு நாலைந்து மாதம் கீமோ, அப்புறம் ஆபரேஷன் என்று போனார்கள். வெட்டி எடுத்த குடலை நுண்ணோக்கியில் பார்த்தபோது 28 சதவீதம் பேரிடம் புற்றணு ஒன்றுகூட மிச்சம் இல்லை. பழைய முறையில் (ஐந்தரை வாரம் கதிர்வீச்சு, பிறகு ஆபரேஷன்) அது 14 சதவீதம். பிரான்சின் புரோடிஜ் 23 ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதை, 28க்கு 12. ஆனால் முழுசாகத் தலையில் வைத்துக் கொண்டாடிவிடவும் முடியாது. ராப்பிடோ நோயாளிகளை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, புதிய முறையில் இடுப்புக்குள்ளேயே நோய் திரும்பியது 10 சதவீதம், பழைய முறையில் 6. வெளியே பரவுவது குறைந்தது, உள்ளே திரும்புவது கூடியது. அதனால் யாருக்கு ஐந்து நாள், யாருக்கு ஐந்தரை வாரம் என்று ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம்மூர் நோயாளிக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீண்ட முறையில் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 25 முதல் 28 தடவை கதிர்வீச்சு, கூடவே மாத்திரை. கதிர்வீச்சு இயந்திரம் இருக்கிற ஊரில் லாட்ஜிலோ சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையிலோ ஒன்றரை மாதம் தங்க வேண்டும், துணைக்கு ஒரு ஆள், அந்த ஆளின் கூலியும் போச்சு. ஐந்து நாள் என்றால் திங்கள் வந்து வெள்ளி ஊருக்குத் திரும்பிவிடலாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோவுக்கு வந்து போனால் போதும். ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிய சில நாளைக்கு ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தொட்டால் விரல் நுனி சுருக்கென்று குத்தும், தொண்டை இழுத்துப் பிடிக்கும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் வெந்நீர் குடித்துச் சமாளிக்கிறார்கள், சொல்லாமல் விட்டால் பயந்துபோய் அடுத்த தடவைக்கு வருவதில்லை.

இனி கேமராவுக்குள் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன், இதைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. கதிர்வீச்சு படாத இடுப்பில் அந்தக் கொழுப்பு உறைக்கும் பின்னால் இருக்கும் எலும்புக்கும் நடுவே பஞ்சு மிட்டாய் இழை மாதிரி வெள்ளையாக ஒரு இடைவெளி இருக்கும். சரியான இடத்தில் லேசாக இழுத்தால் தானே பிரியும், ரத்தமே வராது. கதிர்வீச்சு முடிந்த இடுப்பு அப்படி இருக்காது. சிலருக்கு நீர் கோத்து, ஊறி, தொட்ட இடமெல்லாம் கசியும். இன்னும் சிலருக்கு இறுகி வடுவாகி, எது உறை, எது நரம்பு என்றே பிடிபடாது. ஆண்களுக்கு இடுப்புக்குழி வேறு குறுகலா, கேட்கவே வேண்டாம். அங்கேதான் உருப்பெருக்கிக் காட்டுகிற கேமராவுக்கும், மணிக்கட்டு போல வளைகிற ரோபோ கருவிக்கும் உண்மையான வேலை வருகிறது. தழும்பு சின்னதாக இருப்பது கூடக் கிடைக்கிற லாபம், அவ்வளவுதான்.

அதே சமயம் முன் சிகிச்சையால் கட்டி சுருங்கி, உறையின் ஓரத்திலிருந்து உள்ளே விலகியிருக்கும். ஓரத்துக்கும் கட்டிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடம் இருக்கிறதா என்பதுதான் எங்கள் உயிர்நாடியான அளவு. அந்த ஒரு மில்லிமீட்டரை வாங்கித் தருவது பெரும்பாலும் மருந்தும் கதிரும்தான். முன்பு வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும் என்று ஒதுக்கிய கட்டிகளில் சிலவற்றை இப்போது துளை வழியாக எடுக்க முடிவது இதனால்தான்.

ஒரு வேடிக்கையான சங்கடமும் உண்டு. சிகிச்சை நன்றாக வேலை செய்துவிட்டால் கட்டி இருந்த இடமே தெரியாது. வயிற்றைத் திறந்து செய்யும்போது கையால் தடவிக் கண்டுபிடிப்போம், ரோபோவில் அந்தத் தொடு உணர்ச்சியும் இல்லை. எங்கே வெட்டுவது? சிகிச்சை தொடங்கும் முன்பே குடல் எண்டாஸ்கோப்பியில் கட்டிக்குப் பக்கத்தில் கறுப்பு மை குத்தி அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும், ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் கட்டி இருக்கிறது என்று அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். வெளியே எங்கோ கீமோவெல்லாம் முடித்துவிட்டு, மை அடையாளமும் இல்லாமல், ‘மலக்குடலில் கட்டி’ என்ற ஒரே வரி ரிப்போர்ட்டோடு எங்களிடம் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்புறம், எவ்வளவு நாள் காத்திருப்பது? காத்திருக்கக் காத்திருக்கக் கட்டி கரையும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பிரான்சில் 7 வாரம், 11 வாரம் என்று பிரித்துப் பார்த்தார்கள். கட்டி முழுசாகக் கரைந்தவர்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உறை கிழியாமல் முழுசாக வந்தது 90 சதவீதத்திலிருந்து 79 சதவீதத்துக்கு இறங்கியது, சிக்கல்களும் கூடின. தேதியைத் தள்ளிப் போட்டால் உள்ளே இறுகிக்கொண்டே போகிறது என்பது எங்கள் கை அனுபவத்துக்கும் ஒத்துப்போகிறது. “ஆடி முடியட்டும் சார், அப்புறம் தேதி வெச்சுக்கலாம்” என்கிறவர்களிடம் நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

ரோபோ பற்றியும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2017இல் வந்த ரோலார் ஆய்வில் லேப்ராஸ்கோப்பியிலிருந்து பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது 12.2 சதவீதம், ரோபோவில் 8.1. இந்த வித்தியாசத்தை உறுதியானதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சீனாவில் 11 மருத்துவமனைகளில் நடந்த ரியல் ஆய்வில் ரோபோ கொஞ்சம் மேலே நின்றது: வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமிருந்தது 4 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 7.2. சென்னை ஓமந்தூரார் தோட்டத்து அரசு மருத்துவமனைக்கு 2022இல் ரோபோ வந்துவிட்டது, நல்லதுதான். கருவி இல்லாத ஊரில் தேர்ந்த கை லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் குறை ஒன்றுமில்லை. ரோபோவுக்காக நகையை அடகு வைக்காதீர்கள் என்று நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம், கத்தியே வேண்டாம் என்கிற நிலை. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஆஞ்செலிடா ஹப்ர் காமா என்ற பெண் அறுவை சிகிச்சை நிபுணர், கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து கட்டி சுத்தமாக மறைந்தவர்களை வெட்டாமல் கண்காணித்துப் பார்த்தார். 265 பேரில் 71 பேர். 2004இல் அதை எழுதியபோது பலர் நம்பவில்லை, ஒரு சர்ஜனே கத்தியைக் கீழே வைப்பதா என்று. இப்போது நியூயார்க்கின் ஓப்ரா ஆய்வு வந்துவிட்டது. கதிர்வீச்சு முதலில், கீமோ பிறகு என்ற வரிசையில் போனவர்களில் மூன்று வருடம் கழித்தும் மலக்குடலோடு இருந்தவர்கள் 53 சதவீதம். வரிசையை மாற்றி கீமோவை முதலில் வைத்தவர்களில் 41 சதவீதம். அதே மருந்துகளும் கதிரும்தான், எது முன்னால் என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

எங்களிடம் ஓர் அங்கன்வாடி பணியாளர் வருகிறார். ஆசனவாய்க்குச் சற்று மேலேயே கட்டி, பழைய நாளாக இருந்தால் நிரந்தரப் பை போட்டிருப்போம். கீமோ முடிந்து பார்த்தபோது விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, எண்டாஸ்கோப்பியில் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும், எம்.ஆர்.ஐ.யிலும் அதே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை முதல் பேருந்தைப் பிடித்து வந்து, எட்டு மணிக்கெல்லாம் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கண்காணிப்பு என்றால் அதுதான். 15 நாட்டு நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், இப்படிக் கத்தி படாமல் விடப்பட்டவர்களில் நாலில் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்குள் கட்டி மறுபடி முளைக்கிறது. முளைத்தவுடனே பிடித்தால் பெரும்பாலும் ஆபரேஷனில் எடுத்துவிடலாம்.

இன்னொருவர் லாரி ஓட்டுநர். ஐந்து நாள் கரண்ட், கீமோ எல்லாம் முடிந்தது. ரத்தம் நின்றுவிட்டது, எடை ஏறியது, முகம் தெளிந்தது. கட்டி முழுசாகக் கரையவில்லை, ஆபரேஷன் கட்டாயம் என்று தேதி கொடுத்தோம். “நல்லாத்தானே இருக்கேன், கத்தி பட்டா பரவிடும்” என்று யாரோ சொன்னார்களாம், போனவர் போனவர்தான். அடுத்த பொங்கல் கழித்து மலம் அடைத்து, வயிறு வீங்கி வந்தார். துளை வழியாகச் செய்வதற்கெல்லாம் வழியில்லை, வயிற்றில் அவசரமாகப் பை வைத்து அடைப்பை மட்டும் நீக்கினோம். முன் சிகிச்சையில் எங்களுக்கு இருக்கிற பெரிய தலைவலி பக்கவிளைவு இல்லை சார், இந்த இடைவெளியில் காணாமல் போகிறவர்கள்தான்.

கதிர்வீச்சே தேவைப்படாதவர்களும் இருக்கிறார்கள். 2023இல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வில், கட்டி ரொம்பக் கீழே இல்லாத, ஓரத்தைத் தொடாத நோயாளிகளுக்கு கீமோ மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சரியாகச் சுருங்காதவர்களுக்கு மட்டுமே கதிர்வீச்சு, அது பத்தில் ஒருவருக்குக்கூடத் தேவைப்படவில்லை. ஐந்து வருட முடிவும் சமம். நம் நாட்டில் இந்த நோய் இளம் வயதினருக்கும் வருகிறது, கல்யாணமாகிக் குழந்தை இல்லாத பெண்கள் வருகிறார்கள். இடுப்பில் கதிர்வீச்சு வைத்தால் சினைப்பை செயல் இழந்துவிடும், கருப்பையும் பாதிக்கும். தொடங்கும் முன்பே இதை அந்தப் பெண்ணிடம் நேராகப் பேச வேண்டும். கணவரிடமும் மாமியாரிடமும் பேசினால் போதும் என்று நினைக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், அது எனக்கு ஆத்திரத்தை வரவழைக்கிற விஷயம்.

2022இல் எல்லாத் தொலைக்காட்சியிலும் ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்று ஓடியதே, அது டோஸ்டார்லிமாப் என்ற ஊசி. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 12 மலக்குடல் நோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுத்து, 12 பேருக்குமே கட்டி மறைந்தது, ஆபரேஷனும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. பிறகு 49 பேர் வரை அதே முடிவு வந்திருக்கிறது. செய்தி பொய்யில்லை, ஆனால் கட்டியில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதம் இல்லாதவர்களுக்குத்தான் இது பலிக்கும். மலக்குடல் நோயாளிகளில் அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர். அது யார் என்று பயாப்சித் துண்டிலேயே சில ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருந்தின் விலை நம்மால் தாங்க முடியாதது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பரிசோதனையையும் செய்யாமல் விடுவது எந்த ஊர் நியாயம்? முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. எல்லா மலக்குடல் பயாப்சிக்கும் இந்தப் பரிசோதனை, சிகிச்சைக்கு முன்னாலும் பின்னாலும் முறையான எம்.ஆர்.ஐ., இவை இரண்டும் எந்த மாவட்டத்து நோயாளிக்கும் தடையில்லாமல் கிடைக்கும்படி செய்தால், புதிய ரோபோ வாங்குவதைவிட அதிகப் பேருக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

உங்கள் வாசகர்களில் யாருக்காவது வீட்டில் இந்த நோய் என்றால், துளையா ரோபோவா என்று கேட்பதற்கு முன்னால் கேளுங்கள்: இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சா, கதிர்வீச்சு டாக்டரும் கீமோ டாக்டரும் சர்ஜனும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார்களா, ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு என்ன தருவீர்கள், தராவிட்டால் ஏன் இல்லை? எம்.ஆர்.ஐ. எடுக்காமல் அடுத்த வாரமே ஆபரேஷன் தேதி கொடுக்கிற இடமாக இருந்தால், இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தப்போக்கு நிற்கவே இல்லை, குடல் அடைத்துவிட்டது, ஓட்டை விழுந்துவிட்டது என்றால் அது வேறு, அங்கே யோசிக்க நேரமில்லை. ஆரம்ப நிலையிலேயே பிடிபட்ட சின்னக் கட்டிக்கு நேராக ஆபரேஷன் செய்வதும் சரியான வைத்தியம்தான், அதையும் அந்தப் படம்தான் சொல்லும்.

இன்னொன்று. எங்களைப் பார்க்க வரும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு வராதீர்கள். எம்.ஆர்.ஐ. சி.டி.யும் வேண்டும், முக்கியமாக சிகிச்சைக்கு முன்னால் எடுத்தது. பழைய படம் இல்லாமல் புதிய படத்தை வைத்துக்கொண்டு கட்டி எவ்வளவு கரைந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
குடல் அறுவை சிகிச்சை மருத்துவர்,
தென்மாவட்ட அரசு மருத்துவமனை
(பெயர் வெளியிட வேண்டாம்)